கனடாவிலிருந்து வந்த பிக்

கிளிநொச்சியில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் பாடசாலை ஆசிரியையான நானும் என் பழைய மாணவி யசிந்தாவும் கிற்றார் வாசிப்பவர்கள். நரம்புகளை மீட்டுவதற்கென்று என் தங்கை கனடாவிலிருந்து விலையுயர்ந்த பிக் ஒன்றை அனுப்பியிருந்தாள். அது வந்த நாள்முதல் என் வாசிப்பே மெருகேறிவிட்டதாக நம்பினேன். யசிந்தாவோ ஐஸ்கிறீம் பெட்டியின் மூடியில் தானே வெட்டியெடுத்த பிக்கால் வாசிப்பாள்.

"அந்தப் பிளாஸ்டிக் சத்தம் பாட்டைக் கெடுக்குது. திருவிழாவுக்கு நீர் பாடினால் போதும்," என்று ஒத்திகையில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அவள் கிற்றாரை உறைக்குள் வைத்தாள்.

திருவிழாவன்று முதற்பாடல் தொடங்கும் வேளையில், வியர்த்த என் விரல்களிலிருந்து பிக் வழுக்கிக் கிற்றாரின் துளைக்குள் விழுந்துவிட்டது. பாடுவதற்காகப் பக்கத்தில் நின்ற யசிந்தா, கைப்பையிலிருந்த தன் பிக்கை எடுத்து நீட்டி, "வாசியுங்கோ ரீச்சர்," என்றாள். இறுதிவரை அதனால்தான் வாசித்தேன்.

வெளியே வந்ததும் குழுத்தலைவி, "இண்டைக்குச் சத்தம் என்ன அருமை! கனடாச் சாமான் எண்டால் சும்மாவே?" என்றார்.

"ஓம்," என்றேன். யசிந்தா அருகில்தான் நின்றாள்.

அடுத்த ஒத்திகையில் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லி, அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அண்டைக்கே சொல்லியிருக்கலாம் ரீச்சர். என்ர அம்மாவும் பக்கத்தில நிண்டு கேட்டவா," என்றாள்.

விலையுயர்ந்த பிக் விரலுக்கு இதமானது. அதற்குமேல் அது எனக்கு எதையும் தந்துவிடவில்லை. இப்போது யாருடைய வாசிப்பைப் பற்றியும் பேசுமுன், கண்களை மூடிக்கொண்டு முழுப்பாடலையும் கேட்கிறேன். பாராட்டு வரும்போது, அது யாருக்குரியதோ அவருடைய பெயரை அங்கேயே சொல்லிவிடுகிறேன்.