தப்பு வேண்டாம்

ஜெபக்கூடத்தின் பின்னறையில், கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் அந்தத் தப்பு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. போன மாதம் வெள்ளையடிப்பதற்காக அறையை ஒழித்தபோதுதான் கண்ணில் பட்டது. வட்டமான மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய மாட்டுத்தோல், ஓரமெல்லாம் பூஞ்சணம். விரலால் தட்டிப் பார்த்தேன். சத்தமே வரவில்லை. தப்பை நெருப்பில் காய்ச்சினால்தான் தோல் விறைக்கும். ரிவர்ஸ்டன் மலைப்பக்கத்து மூடுபனியில் இத்தனை வருடம் தொங்கியதற்குக் குரல் எங்கிருந்து வரும்?

அதை உள்ளே கொண்டுவந்தவர் போதகர் ஐயா. அறுபதுகளின் தொடக்கம் அது. நான் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபக்கூடத்தில் பாட்டு எடுத்துக்கொடுப்பவள். ஐயா மாத்தளை டவுனிலிருந்து ரத்தோட்டை வரை பஸ்ஸிலும் அதற்குமேல் நடையுமாக வருவார். காலில் அட்டை கடித்து ரத்தம் வழிந்தாலும் சிரிப்பு மாறாது. "தோல்லயும் குச்சியிலயும் பேயா இருக்கு? நமக்கு விடுதலை கெடைச்சாச்சு, அடிங்க!" என்பார். அடித்தவர் எங்கள் தோட்டத்துத் தொழிலாளி. விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிடவும், சாவு வீட்டிலும், மாரியம்மன் திருவிழாவிலும் தப்படித்தவர். ஆனால் அவருடைய சாதியைச் சொல்லி எல்லா வாசலிலும் வெளியேதான் நிறுத்துவார்கள். ஞானஸ்நானம் பெற்ற பிறகு, தப்போடு உள்ளே வந்து உட்காரும்படி ஐயா கூப்பிட்ட அன்று, அவர் செருப்பில்லாத கால்களை வாசல் சாக்கில் மூன்று முறை துடைத்தார். எனக்குப் பாட்டின் முதல் அடியே மறந்துபோனது.

அடுத்த வருடம், கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா ஞானஸ்நானம் எடுத்தார். அதற்கு முன் ஒவ்வொரு திருவிழாவிலும் சாமி வந்து ஆடியவர். ஜெபக்கூடத்தில் தப்பு முழங்கியதும் முந்தானையைக் கடித்துக்கொண்டு வெளியே போய்விடுவார். மூன்றாம் வாரம் வரவேயில்லை. அவர் குடியிருந்த லயத்துக்குப் போய்க் கேட்டேன். "அந்தச் சத்தம் கேட்டா ஒடம்பு என் பேச்சக் கேக்க மாட்டேங்குது டீச்சர். அங்க ஆடிட்டேன்னா அப்புறம் நான் எங்க போவேன்? யாருகிட்டயும் சொல்லிறாதீங்க" என்று அழுதார். ஐயாவிடம் மட்டும் சொன்னேன். நமக்குத் தடையில்லாத ஒன்றையும் பக்கத்திலிருப்பவரின் மனச்சாட்சிக்காக விட்டுவிட வேண்டும் என்று பலமுறை பிரசங்கித்தவர் அவர். "இனிமே தப்பு வேணாம்னு அடிக்கிற அண்ணன்கிட்ட பக்குவமா சொல்லிருங்க. காரணம் மட்டும் வெளிய வரக்கூடாது" என்று சொல்லி பஸ்ஸுக்கு இறங்கிவிட்டார்.

பக்குவமாம்! என்னிடம் அது எப்போது இருந்தது? "அண்ணே, ஜெபக்கூடத்துல இனிமே தப்பு வேணாம்னு ஐயா சொன்னாங்க" என்று போட்டு உடைத்தேன். அவர் முகம் வெளுத்தது. "நான் என்னங்க டீச்சர் தப்பு செஞ்சேன்?" என்றார். "ஐயோ, அந்தத் தப்பு இல்லண்ணே. நீங்க அடிக்கிற தப்பு." தன் கையைப் பார்த்தார். "அப்ப அது நான்தாங்க" என்றார். தானே போய் அந்த ஆணியில் தப்பை மாட்டினார்.

அடுத்த ஞாயிறு அந்த அக்கா உள்ளே வந்து உட்கார்ந்தார். அண்ணன் வாசலுக்கு வெளியே தூறலில் நின்றார். ஐயா எழுந்து போய்க் கூப்பிட்டும், "இங்கயே நல்லா கேக்குதுங்க" என்றார். இப்படியே சில மாதங்கள். ஒருநாள் அக்கா என்னைக் கேட்டார்: "உள்ள எடம் கெடக்கே, அண்ணே ஏன் டீச்சர் வெளிய நிக்கிறாரு?" உங்களால்தான் என்று எப்படிச் சொல்வேன்? அடுத்த வாரம் அக்கா பாட்டின் நடுவில் எழுந்தார். "தனியா நிக்கிறாரு, பாவம்" என்று சொல்லிவிட்டுப் போய் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். ஐயாவின் பிரசங்கம் அன்று பாதியில் நின்றது. "நாம யாருக்காக இதச் செஞ்சோம் டீச்சர்?" என்று பிறகு என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும்? அவரும் மாற்றலாகிப் போனார். அண்ணன் சில வருடங்களில் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார், தப்பை நிறுத்திய காரணம் தெரியாமலே. அக்காவும் தெரியாமலே கண்ணை மூடினார்.

அண்ணனிடம் காரணத்தைச் சொல்லியிருந்தால் அவரே சந்தோஷமாகத் தப்பை இறக்கி வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பார் என்று சில நாள் தோன்றும். சொல்லியிருந்தால் அக்கா வெட்கத்தில் ஜெபக்கூடத்துப் பக்கம் திரும்பியே பார்த்திருக்க மாட்டார் என்று மறுநாள் தோன்றும். இரண்டுமே சரியாகத்தான் படுகிறது. அதுதான் என்னைப் போட்டுக் குழப்புகிறது.

வெள்ளையடிப்பதைப் பார்க்க வந்த புதுப் போதகர், இளவயதுக்காரர், என் கையிலிருந்ததைக் கவனித்தார்.

"யாரோட தப்புங்க டீச்சர் இது?"

நான் வாசலைப் பார்த்தேன். மறுபடியும் ஆணியிலேயே மாட்டினேன்.