சத்து மாத்திரை டப்பா

மாத்திரைத் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் அவளை ‘ஈரக்காரி’ என்றுதான் சொல்வார்கள். அங்கே செய்வது எச்.ஐ.வி. மருந்து. அந்தக் கிருமி தன்னைப் பெருக்கிக்கொள்ளக் கோக்கும் சங்கிலியில் இது பொய்க்கண்ணியாகப் போய் மாட்டிக்கொள்ளும். அதற்குமேல் சங்கிலி வளராது. ஆனால் இந்த மருந்துக்கு ஈரம் மட்டும் ஆகாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துவிடும். ஈரம் இம்மி கூடினாலும் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்புவாள். பன்னிரண்டு வருடமாக அதுதான் அவள் வேலை.

அன்று காலை தலைவலி மாத்திரை தேடி, தம்பியின் அலமாரியிலிருந்த சத்து மாத்திரை டப்பாவைக் கவிழ்த்தாள். உள்ளங்கையில் விழுந்தது அவள் தினமும் சோதிக்கும் மாத்திரை. அதே வெளிர்நீலம், அதே எழுத்து. லேபிளை மறைத்தால் போதுமென்று நினைத்திருக்கிறான், மடையன்.

வேலையில் இருப்புக்கொள்ளவில்லை. ஒரே மாத்திரையை மூன்று முறை எடை போட்டாள். கூடப்பிறந்தவளிடமே மறைத்தானே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூடிகூடச் சரியாக மூடாத அந்த டப்பாவுக்குள் எவ்வளவு ஈரம் ஏறியிருக்கும் என்று கணக்குப் போட்டாள்.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவன் முன்னால் போய் நின்றாள். கையில் அந்த டப்பா.

“அது சத்து மாத்திரைக்கா,” என்றான் தம்பி, நிமிராமல்.

“இருக்கட்டும். இந்தச் சத்து மாத்திரை ஈரம் பட்டா கெட்டுப்போயிடும். இன்னைக்குப் போடறத விட்டுடாத, நாளைக்கே புதுசு வாங்கிடு. வாங்கின டப்பாவுலயே வை.”

டப்பாவை அவன் கையில் திணித்தாள்.

“லேபிளை வேணும்னா கிழிச்சுக்கோடா. உள்ள ஈரத்த உறிஞ்சற பொட்டலம் ஒண்ணு இருக்கும், அதை மட்டும் தூக்கிப் போட்டுடாத.”