பீக்கரில் விஷம்

எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலையில் நான் படித்த பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஒரு லேப் அட்டெண்டர் இருந்தார். விரல்களெல்லாம் அமிலம் பட்ட மஞ்சள் கறை. செய்முறை வகுப்பு முடிந்ததும் பீக்கர்களை மூன்று முறை கழுவி, ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துத்தான் அடுக்குவார்.

ஆண்டு விழா நாடகத்தில் விஷம் குடித்துச் சாகும் ராஜா நான். விஷத்தின் நிறம் கூட்டத்துக்குத் தெரியட்டும் என்று, அவரைக் கேட்காமல் ஒரு பீக்கரை எடுத்துக் கலர் சோடா ஊற்றி வைத்திருந்தேன். மேடையேறும் நேரத்தில் அவர் அதைப் பார்த்துவிட்டார். பிடுங்கிப் பாதியைக் குடித்தார்.

"ஐயோ, கீழ கொட்டியிருக்கலாமேண்ணா!"

"கொட்டிட்டா, நான் ஒழுங்கா கழுவுறேனான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

மீதியைக் கொட்டிவிட்டு, ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடித்து மேடையில் செத்து விழுந்தேன். நல்ல கைதட்டல். செத்த ராஜா கண்ணையே மூடவில்லை என்று டீச்சர் பிறகு திட்டினார். எப்படி மூடுவேன்? மேடை ஓரத்தில் வயிற்றைப் பிடித்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த வகுப்பிலிருந்து பீக்கர்களை நான்கு முறை கழுவினார்.