பாடுபவருக்கு ஒன்று, வாசிப்பவருக்கு ஒன்று

காதைச் சோதிப்பதற்காக லண்டனின் நடுப்பகுதிக்குப் போயிருந்தேன். வயதுக்கு ஏற்ற காதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்த நல்ல செய்தியைச் சொல்ல எனக்கு ஆளில்லை. மனைவி கண்ணை மூடி மூன்று வருடம். மகள் லீட்ஸில் இருக்கிறாள், வேலை நேரத்தில் நான் போன் எடுத்தால், "என்னப்பா, ஏதும் பிரச்சினையோ?" என்று பதறுவாள். ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொல்வதற்காகப் பிள்ளையைப் பதறவைக்க மனம் வரவில்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. திறந்திருந்த முதல் கடைக்குள் ஒதுங்கினேன்.

அது இசைப் புத்தகக் கடை. ஐந்து கோடுகளில் சுரங்களை அச்சிட்ட புத்தகங்கள், தரையிலிருந்து கூரைவரை. இந்தக் காலத்தில் இதெல்லாம் செத்துப்போனவர்கள் எழுதியதாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். வாசலோரம் 'புதிய வெளியீடுகள்' என்று ஒரு தட்டு இருந்தது. அதில் மெல்லிய, வெளிர்நீல அட்டைப் புத்தகம் ஒன்று. பத்துப் பாட்டுகள், நடுக்குரலுக்கும் பியானோவுக்கும். வீட்டு முன்னறையில், பெரிய பயிற்சி இல்லாதவர்கள் பாடியும் வாசித்தும் மகிழ்வதற்காக எழுதியது என்று முன்னுரையில் இருந்தது. எழுதியவர் உயிரோடு இருக்கிறார். பின்னட்டைப் படத்தில் நேற்றுத்தான் தலைமுடி வெட்டியவர்போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கல்லாவில் நின்ற பெண்பிள்ளை கேட்டாள், நீங்கள் பாடுபவரா, வாசிப்பவரா என்று. பாடுபவன் என்றேன். அப்படியானால் இரண்டு பிரதிகள் வேண்டும் என்றாள். பாடுபவர் நிமிர்ந்து நின்று பாட வேண்டும், பியானோக்காரரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கக் கூடாது. போட்டோகொப்பி எடுப்பதும் சட்டப்படி பிழை. "உங்களுக்கு வாசிப்பது யார்?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள்.

"என் மகள்" என்றேன்.

வாயில் வந்துவிட்டது. பொய் சொல்கிறோம் என்று அப்போது தோன்றவேயில்லை. மகள் எட்டாம் கிரேட் வரை பியானோ படித்தவள். அவளுடைய பியானோ லண்டன் ஓரத்துச் சட்டனில், என் வீட்டு முன்னறையில் இருக்கிறது. இரண்டு பிரதிகளையும் வாங்கிக்கொண்டு, நெஞ்சில் அணைத்து நனையாமல் கொண்டுவந்தேன்.

எங்கள் ஆட்களின் வீட்டுப் பியானோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே பிள்ளை பிறந்து பல்லு முளைக்க முதலே பியானோ படிப்பிக்கிற எந்த ரீச்சரிடம் விடுவது என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவோம். முதலாம் கிரேட், இரண்டாம் கிரேட் என்று எட்டுவரை ஏறவேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் மூன்று உருப்படிகள். அந்த மூன்றையும் பிள்ளை வருடம் முழுக்க வாசிக்கும். சோதனை முடிந்ததும் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவோம், ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கிறபோது, "மகளுக்கு டிஸ்ரிங்ஷன்" என்று நாலு பேருக்குக் கேட்கச் சொல்லுவோம். எட்டாம் கிரேட் முடிந்த அன்று மூடியை இறக்கி, மேலே துணி விரித்து, குடும்பப் படங்களை அடுக்குவோம். நானும் அப்படித்தான். என் வீட்டில் பதினாறு வருடம் அந்த மூடி திறக்கப்படவில்லை.

ஆனால் எனக்கு அதில் ஒரு லாபம் கிடைத்தது. மகளை வகுப்புக்குக் கூட்டிப்போனவன் நான்தான். காருக்குள் குளிர் என்பதால் ரீச்சரின் முன்னறை மூலையில் ஒரு கதிரை போட்டுத் தந்தார்கள். பத்து வருடம் அதில் உட்கார்ந்திருந்து, ரீச்சரின் பென்சில் போகிற திசையைப் பார்த்துப் பார்த்து ஐந்து கோட்டையும் வாசிக்கப் பழகிவிட்டேன். விரல்தான் எனக்கு வளையாது. குரல் இருந்தது. கோயில் பாடகர் குழுவில் முப்பது வருடமாகப் பாடுகிறேன். மனைவி சொல்லுவாள்: "உங்கடை குரல் நல்லதுதான், வாயை மூடினால் இன்னும் நல்லம்." என் கோபத்தைத்தான் அப்படிச் சொல்லுவாள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அவள் இருந்தவரை அந்தக் கோபத்துக்கும் வீட்டில் ஒரு மரியாதை இருந்தது. இப்போது கோபித்துக்கொள்ளக்கூட ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேரோடு சேர்ந்து பாடிவிட்டு வீட்டுக்கு வந்தால், திங்கள், செவ்வாய் என்று ஒரு சொல் பேசாமல் போய்விடும். புதன்கிழமை பஸ்ஸில் டிரைவருக்கு நன்றி சொல்லும்போது குரல் அடைத்துக் கிடக்கும். அதனால்தான் அந்தப் புத்தகம் என்னைப் பிடித்துக்கொண்டது. மகள் பியானோவில் உட்கார, நான் பக்கத்தில் நின்று ஒரே ஒரு பாட்டு. என் ஆசை அவ்வளவுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஆசையில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

இரண்டாவது பாட்டைத் தேர்ந்தெடுத்தேன். குளிர்காலத்தில் அரை மணி நேர வெயிலை நம்பி உடுப்புக் காயப்போடுகிற ஒருவனைப் பற்றியது. சின்னப் பாட்டு. முதல் இரண்டு பார், அதாவது இரண்டு தாளக் கட்டம், பியானோ மட்டும், பிறகு குரல் சேரவேண்டும். அந்த இரண்டு பாரையும் மனதுக்குள் எண்ணிவிட்டுக் குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று பாடிப் பழகினேன். நாலாம் நாள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி கதவைத் தட்டினாள். சத்தம் கூடிப்போய்விட்டது, மன்னிப்புக் கேட்போம் என்று திறந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "எல்லாம் சரிதானே? யாரோ வேதனையில் கத்துவது கேட்டது" என்றாள். கோதாரி! முப்பது வருடம் கோயிலில் பாடியவனுக்கு இது தேவைதான். பாடினேன் என்று சொன்னால் இன்னும் கேவலம் என்று, கால் இடித்துவிட்டது என்றேன். அடுத்த நாள் அவள் கால் வலிக்கு ஒரு களிம்பு கொண்டுவந்து தந்தாள்.

பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவரையும் கூப்பிட்டேன். படங்களை இறக்கி, துணியை எடுத்து, மூடியைத் திறந்து நாலு கட்டையை அழுத்திப் பார்த்தவர் தலையைப் பிடித்துக்கொண்டார். சுருதி அரை நோட் இறங்கிவிட்டதாம். ஒரேயடியாக இழுத்தால் கம்பி அறுந்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றவேண்டும் என்று இரண்டு தரம் வந்து போனார். அவரும் கேட்டார், யார் வாசிப்பது என்று. மகள் என்றேன், கூச்சமில்லாமல்.

மகள் ஒரு சனிக்கிழமை வந்தாள். இறால் குழம்பும் புட்டும் செய்து வைத்திருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு முன்னறையை எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னப்பா, பியானோ திறந்து கிடக்கு? விக்கப் போறீங்களோ?"

"விசர்க் கதை கதையாதை. நீ சாப்பிடு, பிறகு சொல்லுறன்."

பிறகு எங்கே? இரண்டு வாய் சாப்பிட முதலே புத்தகத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து இரண்டாவது பாட்டைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பக்கத்தைத் திருப்பவில்லை.

"அப்பா, எனக்கு ஏலாது."

"ஏன் ஏலாது? எட்டாம் கிரேட் படிச்சனி. இது சின்னப் பிள்ளையளின்ரை பாட்டு மாதிரிக் கிடக்கு."

"எனக்குக் கிரேட்டுக்கு மூண்டு எண்டு இருபத்திநாலு துண்டுதான் தெரியும். ஒவ்வொண்டையும் ஒரு வருஷம் வாசிச்சனான். புதுசா ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்க எனக்குத் தெரியாது. எப்பவும் தெரியாது."

வந்ததே கோபம்! பத்து வருடம் கார் ஓடினேன், ஷிப்டை மாற்றி மாற்றி எடுத்தேன், இந்தக் கண்டறியாத படிப்புக்குத்தானோ அவ்வளவும் என்று கத்தினேன். தகப்பனுக்காக ஒரு பாட்டு வாசிக்க ஏலாதா என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரி இந்த முறை கதவைத் தட்டியிருந்தால் நியாயமாக இருந்திருக்கும்.

மகள் திருப்பிக் கத்தவில்லை. அவள் தாயைப் போல. நான் முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"அப்பா, எனக்குப் பன்னிரண்டு வயசிலை, ரீச்சர் லீவுக்கு எண்டு ஒரு பாட்டுப் புத்தகம் தந்தவ. சோதினைக்கு இல்லை, சும்மா வாசிக்க. நீங்கள் பாடுங்கோ, நான் வாசிக்கிறன் எண்டு உங்களைத்தான் கேட்டனான். ஞாபகம் இருக்கோ?"

இருந்தது. அவள் சொல்லும்வரை இருக்கவில்லை, சொன்னதும் முழுவதும் வந்துவிட்டது. அந்தப் புத்தகத்தை நான் மறுநாளே ரீச்சரின் வாசலுக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். மரியாதையாகத்தான் கொடுத்தேன். இது சிலபஸில் இல்லை, பிள்ளையின் நேரம் வீணாகிறது என்றேன். ரீச்சர் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து மகளிடம், ஐந்தாம் கிரேட் முடியட்டும் பார்ப்போம் என்றேன்.

"ஓம்" என்றேன். "நான்தான் திருப்பிக் குடுத்தனான்."

"நான் கோவத்திலை சொல்லேல்லை அப்பா."

கோபத்தில் சொல்லியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். கோபம் எனக்குத் தெரிந்த பாஷை. அவள் என்னைப் பார்த்து இரங்குகிறாள் என்று தெரிந்தபோது எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. புட்டு ஆறிப்போனது. சாப்பிட்டோம். குழம்பு நல்லாயிருக்கு என்றாள். ஞாயிறு பூசை முடிந்து ரெயில் ஏறும்போது தன் பிரதியைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "பாக்கிறன் அப்பா" என்றாள். நான் சரி பிள்ளை என்று மட்டும் சொன்னேன்.

ஆறு வாரம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு பாடு என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். நாளுக்கு நாலு தரம் போனைக் கையில் எடுத்து வைத்தேன். அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவளிடமிருந்து ஒரு ஒலிப்பதிவு வந்தது. லீட்ஸில் மணித்தியாலக் கணக்கில் வாடகைக்குப் பியானோ அறை தருகிறார்களாம். வேலை முடிந்து அங்கே போய்ப் பழகியிருக்கிறாள். ஆறு வாரம், ஒரே பாட்டு.

போனைப் பியானோ மேல் வைத்துவிட்டு என் பிரதியைக் கையில் பிடித்து நிமிர்ந்து நின்றேன். இரண்டு பார் வந்தது. அட என் பிள்ளை! எவ்வளவு சுத்தம். ஒரு விரல் தவறவில்லை. மெல்ல வாசி என்று அச்சிட்ட இடத்தில் மெல்ல, கூட்டு என்ற இடத்தில் கூட்டி. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பாடத் தொடங்கினேன். மூன்றாவது வரியில் எனக்கு மூச்சு முட்டியது; எழுபது வயது நெஞ்சு. ஒருவர் பக்கத்தில் நின்று பாடினால், வாசிப்பவர் அந்த மூச்சைக் கேட்டு ஒரு கணம் பொறுப்பார். பதிவு பொறுக்கவில்லை. அவள் தாளம் பிசகாமல் போய்க்கொண்டிருந்தாள். துரத்திப் பிடித்தேன், மறுபடி தவறவிட்டேன். ஐந்து தரம் முயன்றேன். ஐந்து தரமும் கடைசிச் சொல்லை நான் தனியாகப் பாடினேன், பியானோ முடிந்த பிறகு.

ஆறாவது தரம் பாடாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். கடைசி நாதம் அடங்கியபின் பதிவு இன்னும் கொஞ்சம் ஓடியது. கதிரை அசைகிற சத்தம். பிறகு அவளுடைய குரல், மெல்ல: "சரியோ, அப்பா?"

பதில் எழுத உட்கார்ந்தேன். 'மிக நன்று' என்று எழுதினேன். சோதனைத் தாளில் எழுதுகிற மாதிரி இருந்தது, அழித்தேன். 'நல்லா வாசிச்சிருக்கிறாய்' என்று எழுதினேன். வகுப்பு முடிந்து காரில் ஏறியதும் அதைத்தான் சொல்லுவேன், அதற்குப் பின்னால் எப்போதும் ஒரு 'ஆனால்' வரும். அதையும் அழித்தேன். நான் ஏங்குவது அவள் வாசிப்புக்கு இல்லை, அவளுக்கு என்று எழுத எனக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் அப்படி யாரும் யாருக்கும் எழுதியதில்லை. அரை மணி நேரம் மினக்கெட்டு, என்னால் முடிந்ததை எழுதினேன்: "பிழை விட்டாலும் பரவாயில்லை பிள்ளை. இஞ்சை வந்து என்னோடை வாசி."

அவளுக்கு முப்பத்துநாலு வயது. ஆஸ்பத்திரி ஒன்றில் இருபது பேருக்கு மேலதிகாரி. வேலை நேரம் அது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது.

"எத்தினையாம் பாரிலை பிழை, அப்பா? திருத்தி அனுப்புறன்."