பத்தாவது பாட்டுக்காகத் தென்னூர் வரை

என் கணவரின் இசைத்தட்டுகளையெல்லாம் நான் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டதாக உறவில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. நான் போட்டவை மூன்று. மூன்றும் வெயிலில் வளைந்து போனவை. அவர்கள் குறிப்பிடும் பிரெஞ்சு இசைத்தட்டை, எங்கள் ரெகார்டு பிளேயர் பழுதான பிறகு அவரே காதர் பாயிடம் கொடுத்து வைத்திருந்தார். இருவரும் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். என் கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. சென்ற செவ்வாய்க்கிழமை அந்தத் தட்டைக் கேட்கத் தென்னூரில் பாய் வீட்டுக்குப் போனேன்.

ஸ்ரீரங்கத்தில் காலை 9.40க்குப் பேருந்து. சாதாரணக் கட்டணப் பேருந்தாகப் பார்த்து ஏறினால் பெண்களுக்குக் காசு கிடையாது. காவிரிப் பாலத்தில் நெரிசல். ஐந்து கிலோமீட்டருக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது. சத்திரம் பேருந்து நிலையத்தில் ஆட்டோ.

"எங்கம்மா, ஆஸ்பத்திரிக்கா?"

"பாட்டு கேக்க. தென்னூர்."

"இந்த வெயில்லயா? நூறு குடுங்க."

"ரெண்டு கிலோமீட்டர்தான். எண்பது."

எண்பதுக்கே வந்தார்.

அந்தத் தட்டில், ஒரு பாடகர் தாமே எழுதிப் பாடிய பத்துப் பாடல்கள் உண்டு. மொழி பிரெஞ்சு, தாளம் ஜமைக்காவின் ரெகே: நாம் தட்டும் இடத்தை விட்டு, இடையில் விழும் தட்டு. எங்களுக்குத் திருமணமான வருடம் என் கணவர் அதைப் புதுச்சேரியில் வாங்கினார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. நான் அங்கே கான்வென்டில் படித்தவள். உறைக்குள் இருந்த பாடல் தாளில் பென்சிலால் தமிழில் பொருள் எழுதிக் கொடுத்தேன், ஒன்பது பாட்டுக்கு. பத்தாவதின் முதல் வரியிலேயே படுக்கை வந்தது. கன்னியாஸ்திரீகளிடம் வளர்ந்த பெண் நான். இது வேண்டாம் என்று தாளை மடித்துவிட்டேன். அவர் வற்புறுத்தவில்லை.

"வாங்க அண்ணி. ஊசிகூட மாத்தி வச்சிருக்கேன்," என்றார் காதர் பாய். "அண்ணன் வந்தா கடைசிப் பாட்டத்தான் ரெண்டு தடவை போடச் சொல்லுவாங்க. என்னண்ணே பாடுறான்னு கேட்டா, 'வீட்ல இன்னும் சொல்லலப்பா'ன்னு சிரிப்பாங்க."

உறைக்குள்ளிருந்து தாளை எடுத்து விரித்துப் படித்தேன். அது ஆஸ்பத்திரிப் படுக்கை. நோயில் கிடக்கும் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலைச் சாத்தட்டுமா, போர்வை போதுமா என்று ஒருவர் கேட்கிறார். என் கணவர் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நானும் அவரிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாயிடம் பென்சில் வாங்கிப் பொருள் எழுதினேன். கடைசி இரண்டு வரிகள் மட்டும் இல்லை. தாளின் கீழ்ப்பக்கத்தைப் பூச்சி அரித்திருந்தது. நான்கு முறை போடச் சொன்னேன். மேளத்துக்கு அடியில் குரல் பிடிபடவில்லை.

"தோணுறத எழுதிடுங்க அண்ணி. யாருக்குத் தெரியப்போவுது?"

"தோணினத எழுதி அவர்ட்ட குடுத்ததில்ல, பாய்."

பாய் தட்டை எடுத்துப்போகச் சொன்னார். அவர் உங்களிடம் கொடுத்தது, உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு 12.20க்குக் கிளம்பினேன்.

பழைய தட்டு கேட்கப் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். காலை பத்துக்குள் பாலத்தைத் தாண்டிவிடுங்கள். தாள் இருந்தால் முழுதாகப் படியுங்கள், முதல் வரியோடு நிறுத்த வேண்டாம்.

தட்டின் உறையைப் படம் எடுத்துக் கீழே போட்டிருக்கிறேன். இதே தட்டு உங்களிடம் இருந்து, தாளும் முழுதாக இருந்தால், பத்தாவது பாட்டின் கடைசி இரண்டு வரிகளைப் பிரெஞ்சிலேயே, எழுத்துப் பிசகாமல், எழுதி அனுப்புங்கள். பொருளை நான் எழுதிக்கொள்கிறேன்.