தலைமாட்டுக்கு வந்த திரைத்துணி

துண்டுத் துணிகளை வருஷ வரிசையில்தான் தைப்பேன் என்பது என் பிடிவாதம். பேத்தியின் நான்காவது குளிர்காலத்துக்கு ஒரு போர்வையை அப்படித்தான் தைத்தேன். கால்மாட்டில், நாங்கள் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த வருஷம் வாங்கிய ஜன்னல் திரையின் துண்டு. அதற்கு மேலே என் ரவிக்கைகள், மகனின் பள்ளிச் சட்டை, மருமகளின் துப்பட்டா. தலைமாட்டில், கன்னத்தில் படும்படி, பேத்தியின் முதல் பிறந்தநாள் ஃப்ராக். அதைப் பார்த்து அவள் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்திருந்தேன்.

ஜனக்புரியில் மகன் வீட்டுக்குப் போய்ப் போர்த்திவிட்டேன். ஃப்ராக்கின் ஜரிகை அவள் கழுத்தில் உறுத்தியது.

"நஹீ பாட்டி, குத்தறது!" என்று உதைத்துத் தள்ளினாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அவளோ எழுந்து உட்கார்ந்து, போர்வையைத் தலைகீழாகத் திருப்பினாள். துவைத்துத் துவைத்துப் பூவெல்லாம் வெளுத்த திரைத்துண்டு கன்னத்துக்கு வந்தது.

"இதுதான் அச்சா. இது யாரோட ஃப்ராக்?"

"ஃப்ராக் இல்லடி கண்ணு, ஜன்னல் திரை. உங்கப்பா அதுலதான் மூக்கைத் துடைப்பான்."

"அம்மா, மானத்தை வாங்காதே!" என்றான் மகன், அடுத்த அறையிலிருந்து.

"சீ!" என்று அவள் சிரித்தாள். கன்னத்தை மட்டும் எடுக்கவில்லை.

புதுத் துணிகளை ஃப்ராக்குக்கு அடுத்துத்தான் சேர்க்க வேண்டும். அந்தப் பக்கம் இப்போது அவளுக்குக் கால்மாடு. அவள் வளர வளரப் போர்வையும் அங்கேயே நீளட்டும். இந்த மார்கழியில் அவளுடைய நர்சரி யூனிஃபார்மைச் சேர்த்தேன்.