மகாதேவி ஊற்றிய நல்ல தண்ணீர்

சண்டிலிப்பாயில் மகாதேவியின் அடுப்படிக்கு யார் போனாலும் முதலில் கேத்திலைத் திறந்து காட்டுவாள். உள்ளே அடிமுழுக்க வெள்ளைச் சுண்ணாம்புப் படை. "உந்தத் தண்ணியைத்தான் முப்பது வருசமாக் குடிச்சனாங்கள்," என்பாள், ஏதோ நாங்கள் கொண்டுவந்து ஊற்றியதுபோல. கோபம் வராமல் என்ன செய்யும்? கணவர் நடராசாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டாமென்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து, தண்ணீர் விற்கிற லியோன் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் தாங்கி வைத்துக் கொண்டுவரும் பில்ரர் தண்ணீர்தான் வீட்டில்.

தோட்டத்துக்குப் போகமுடியாமல் சுருண்டு கிடந்த மனிசனை எழுப்பியது மீன்தான். கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியில் ஜப்பான் மீன் என்கிற திலாப்பியாக் குஞ்சுகளை விட்டார். குழம்புக்கு இரண்டு பிடிக்கவா என்று கேட்டால் முகத்தைத் தூக்குவார். ஆனால் காலை ஆறு மணிக்கே எழும்பி மீனுக்குப் போடும் தவிட்டுச் சட்டியோடு தொட்டியடிக்குப் போய்விடுவார். மகாதேவிக்கு அதுவே போதுமாக இருந்தது.

இந்தச் சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் மத்தியானத்தில் வெந்நீராகவே கிடந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"பாவம், இதுகளும் உந்தச் சுண்ணாம்புத் தண்ணியிலைதானே," என்றாள்.

"சூடும் சுண்ணாம்பும் அதுகளுக்குப் பழகிப்போச்சு. நீ பேசாமல் இரு," என்றார் நடராசா.

பேசாமல் இருக்க அவளுக்கு எப்போது தெரிந்தது? அவர் கிளினிக்குக்குப் போன செவ்வாய்க்கிழமை, தொட்டித் தண்ணீரைக் கணுக்காலளவு விட்டுவிட்டு மிச்சத்தை வெங்காயப் பாத்திக்குத் திறந்துவிட்டாள். பிறகு லியோனைக் கூப்பிட்டு, தாங்கியில் இருந்த ஆயிரம் லீற்றரையும் தொட்டிக்குள் விடச் சொன்னாள்.

"அக்கா, குடிக்கிற தண்ணியல்லோ?"

"ஓம், அதுகளும் குடிக்கட்டும்."

நல்ல காரியம் ஒன்று செய்த நிம்மதியில் அன்று மத்தியானம் கண்ணயர்ந்தும் விட்டாள்.

பின்னேரம் நடராசா வந்தபோது மீன்கள் சரிந்து மிதந்தன. சில இன்னும் துடித்தன. அவர் வாளியை எடுத்துக் கிணற்றில் அள்ளி அள்ளித் தொட்டிக்குள் ஊற்றினார். நாலாவது வாளியோடு மூச்சு வாங்கி நிலத்திலேயே இருந்துவிட்டார்.

"ஒரேயடியா மாத்திப்போட்டாய். கொஞ்சம் கொஞ்சமா விட்டிருந்தால் தாங்கியிருக்குங்கள்."

குரலில் கோபமே இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "ரெண்டு பேச்சுப் பேசுங்கோவன்," என்று அழுதாள். அவர் இன்னும் துடித்த மீன்களை நிமிர்த்திவிட்டுப் பார்த்தார். இருட்டுவதற்குள் ஒரு மீனும் மிஞ்சவில்லை.

மறுநாள் காலை ஏழு மணியாகியும் தவிட்டுச் சட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. மகாதேவி அறை வாசலில் நின்று, "இஞ்சருங்கோ, எழும்புங்கோவன்," என்றாள்.

நடராசா சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார்.

"என்னத்துக்கு?" என்று கேட்டார்.